ஆர்.பி.டி. சாமான் காசு: உங்கள் பிள்ளைகள் பள்ளியிலும் இப்படித்தானா?

செந்தூல்அம்மா

வணக்கம். இங்கே வந்து படித்துவிட்டுப் போவதோடு சரி, நான் எழுதியதே இல்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. நீளமாகிவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் நடு மகள் கோலாலம்பூரில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் படிவம். அவளுக்கு ஆர்.பி.டி. என்று ஒரு செய்முறைப் பாடம், தமிழில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும். நேற்று இரவு பத்தேகால் மணிக்கு, வேலை முடிந்து வந்து நான் சோற்றில் கை வைத்த நேரத்தில், "அம்மா, நாளைக்கு ஆர்.பி.டி.க்கு 38 வெள்ளி கொண்டு போகணும், எலெக்ட்ரோனிக் கிட், கட்டாதவங்க பேரை டீச்சர் எழுதி வைப்பாங்களாம்" என்றாள். எப்போது சொன்னார்கள் என்று கேட்டால் வகுப்பு வாட்ஸ்அப்பில் அன்று சாயங்காலம்தான் வந்ததாம். என் பர்ஸில் இருந்தது ஓர் இருபது வெள்ளி நோட்டும் சில்லறையும். வீட்டுக்காரர் லோரியோடு ஈப்போ பக்கம் போயிருந்தார். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி வாங்கினேன். அவர் ஒன்றும் நினைக்க மாட்டார், எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. 555 புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு (வீட்டுக் கணக்கு எல்லாம் இன்னும் அதில்தான்) பள்ளி திறந்ததிலிருந்து இந்தச் செய்முறைப் பாடங்களுக்கு என்று மட்டும் கொடுத்ததைக் கூட்டினேன். இரண்டாம் படிவக்காரிக்கு ஃபெல்ட் துணி, நூல், ஊசி 14. உணவு வடிவமைப்பு என்று சமையலுக்கு 15. அக்குவாபோனிக் தொட்டிக்கு (மீனையும் கீரையையும் சேர்த்து வளர்ப்பது) குழுவில் தலைக்கு 25. இப்போது இந்தக் கிட் 38. ஓவியப் பாடத்துக்குப் போஸ்டர் கலர், தூரிகை, வரைதாள் புத்தகம் 31. நான்காம் படிவத்தில் இருக்கும் பெரியவனுக்கு ஆய்வுக்கூடக் கோட்டு 35, அமாலி (செய்முறை) புத்தகம் இரண்டு 18. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் சின்னவனுக்கு வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்கு ஒரு செட், 16. மொத்தம் 192 வெள்ளி. மூன்றரை மாதத்தில்! இதில் பெற்றோர் ஆசிரியர் சங்கச் சந்தா, சீருடை, பஸ் காசு, டியூஷன் எதுவும் இல்லை. தலைக்கு 150 வெள்ளி அரசாங்கம் கொடுத்ததே என்பீர்கள், கொடுத்தார்கள், சப்பாத்து, பை, சீருடையோடு அது போயிற்று.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை கையால் செய்து படிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஃபெல்ட் துணியில் அவள் தைத்த பென்சில் பையைத்தான் நான் இப்போது சாவி போட்டு வைத்துக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் கட்டாயமா? கொடுக்காவிட்டால் மார்க் குறைப்பார்களா? ரசீது ஏன் ஒன்றுக்குமே வருவதில்லை? அதே கிட் ஷோப்பியில் 22 வெள்ளிக்கு இருக்கிறது, நானே வாங்கிக் கொடுக்கலாமா? டீச்சரிடம் போய்க் கேட்டால் பிள்ளையைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜின்ஜாங்_மாமா

தங்கச்சி, தப்பாக நினைக்காதே. நாங்கள் கெமாஹிரான் ஹிடுப் (வாழ்க்கைத் திறன் பாடம்) படித்த காலத்தில் மூன்றாம் படிவத் தேர்வான பி.எம்.ஆருக்குப் பட்டறை வேலையும் உண்டு, ஃபோலியோ என்கிற எழுத்து வேலையும் உண்டு. டெக்னிக்கல், வீட்டுப் பொருளாதாரம், விவசாயம், வணிகம் என்று நான்கில் ஒன்று. நான் டெக்னிக்கல். ஒரு புத்தக அடுக்கு செய்தேன், வார்னிஷ் காய்வதற்குள் தம்பி கையை வைத்து ஐந்து விரலும் பதிந்துபோய், அதைக் கைரேகை டிசைன் என்று வாத்தியாரிடம் சொல்லிச் சமாளித்தேன். அந்த அடுக்கு இன்னும் அம்மா வீட்டில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அந்தக் காலத்திலும் காசு கேட்டார்கள், அப்பா முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

இப்போது 2012-லிருந்து பள்ளிக் கட்டணமே கிடையாது. அதற்கு முன்னால் தொடக்கப்பள்ளிக்கு 24 வெள்ளி 50 காசு, இடைநிலைப்பள்ளிக்கு 33 வெள்ளி 50 காசு கட்டிக்கொண்டிருந்தோம். தேர்வுக் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள், பாடப்புத்தகம் இரவல். ஒரு பாடத்துக்கு டியூஷன் மாதம் எழுபது எண்பது என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறோம், பிள்ளை ஸ்குரூ டிரைவர் பிடிக்க முப்பது வெள்ளி கேட்டால் மட்டும் கணக்குப் பார்க்கிறோம். எனக்கு இது புரிவதே இல்லை.

செந்தூல்அம்மா

மாமா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. டியூஷன் காசு எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், சம்பளம் வந்ததும் எடுத்து வைத்துவிடுவேன். இது அப்படி இல்லை, ராத்திரி பத்து மணிக்கு வந்து நிற்கிறது. அந்த 33 வெள்ளி 50 காசுக்காவது ஒரு பெயர் இருந்தது, ஒரு ரசீது இருந்தது, வருஷத்துக்கு ஒரு தரம்தான். நான் இப்போது கொடுக்கிற காசுக்குப் பெயரே கிடையாது.

(கைரேகை டிசைனைப் படித்துவிட்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.)

பாயான்லெப்பாஸ்_டெக்

555 என்று படித்ததும் நான் வேறு 555-ஐ நினைத்துவிட்டேன் அக்கா. எங்கள் பக்கத்தில் 555 என்றால் டைமர் சிப். உங்கள் மகள் கிட்டுக்குள்ளும் எட்டுக் காலோடு கறுப்பாக ஒரு பூச்சி மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக அதுவேதான். 1972-இல் சந்தைக்கு வந்தது, இன்றைக்கும் விளக்கு மின்ன வைக்க, பஸர் கத்த வைக்க அதைத்தான் போடுகிறார்கள். அதே 1972-இல்தான் எங்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் ஆரம்பித்தது, இன்டெல் பினாங்குக்கு வந்ததும் அந்த வருஷம்தான். ஐம்பது வருஷத்துக்கும் மேலாகச் சிப் செய்கிற நாட்டில் பிள்ளை ஓர் எல்.இ.டி. எரிய வைக்க அம்மா பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டியிருக்கிறது, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன். கிட்டைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பிரெட்போர்டு (ஒயரைக் குத்தி இணைக்கிற துளைப் பலகை), நாலைந்து எல்.இ.டி., கொஞ்சம் ரெசிஸ்டர், பஸர், ஒயர், 9 வோல்ட் பேட்டரி, அதற்கு ஒரு கிளிப், இவ்வளவுதான் இருக்கும். ரெசிஸ்டர், எல்.இ.டி. எல்லாம் காசுக்கணக்கில் வருகிற பொருள். கோலாலம்பூரில் இருந்தால் பூடு பக்கம் ஜாலான் பாசாருக்குப் போங்கள், எலெக்ட்ரோனிக் சாமான் கடை வரிசையாக இருக்கிறது, தாளில் எழுதிக் கொடுத்தால் எண்ணிப் பொட்டலம் கட்டித் தருவார்கள். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து ஒரே ஆள் போய் வாங்கினால் இன்னும் மலிவு. ஆனால் முதலில் டீச்சரிடம் சாமான் பட்டியலை வாங்கிக்கொள்ளுங்கள். ஷோப்பியில் படம் ஒரே மாதிரி இருக்கும், வந்து சேரும்போது ரெசிஸ்டர் மதிப்பு வேறாக இருக்கும், பிள்ளை வகுப்பில் முழித்துக்கொண்டு நிற்கும். என் அக்கா மகனுக்கு அப்படித்தான் ஆயிற்று.

அந்த 9 வோல்ட் சதுர பேட்டரிதான் உண்மையான செலவு. விலையும் அதிகம், சீக்கிரமும் இறங்கிவிடும். நாலு ஏஏ பேட்டரி போடுகிற கூடு ஒன்று வாங்கிக் கொடுங்கள், 6 வோல்ட் வரும், 555-க்கு அது தாராளமாகப் போதும், 4.5 வோல்ட் இருந்தாலே வேலை செய்யும். ரெசிஸ்டர் இல்லாமல் எல்.இ.டி.யை நேராகப் பேட்டரியில் வைத்துப் பார்க்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள், எல்லாப் பிள்ளைகளும் செய்கிற முதல் வேலை அதுதான். 9 வோல்ட்டில் எல்.இ.டி. எடுத்துக்கொள்வது சுமார் 2 வோல்ட், மிச்சம் 7 வோல்ட்டை 330 ஓம் தாங்கினால் 21 மில்லி ஆம்பியர், சிவப்பு எல்.இ.டி.க்கு அந்த அளவு சரியாக இருக்கும். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் ஒரு நொடி பளிச்சென்று எரியும், அப்புறம் ஒன்றும் இல்லை.

ஈயம் வைத்து ஒட்டச் சொன்னார்களா, பிரெட்போர்டில் குத்தச் சொன்னார்களா என்றும் கேளுங்கள். பிரெட்போர்டு என்றால் பாடம் முடிந்ததும் பிடுங்கி ஒரு மிட்டாய் டின்னில் போட்டு வையுங்கள், சின்னவன் இரண்டாம் படிவம் வரும்போது அதே சாமான் ஆகும். வீட்டில் பழகிப் பார்க்க டிங்கர்கேட் என்று ஒன்று இருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும், காசு கிடையாது. அதில் எல்.இ.டி. எரிந்துபோனாலும் வெடிக்கிற படம்தான் வரும், உங்கள் பர்ஸ் தப்பித்துவிடும்.

பட்டறை_டீச்சர்

நான் ஆர்.பி.டி. சொல்லிக் கொடுக்கிறவள். கோலாலம்பூரில்தான், சகோதரி மகளின் பள்ளி இல்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் பரவாயில்லை.

பள்ளிக்கு அரசாங்கம் கொடுக்கும் மானியத்தில் தலைக்கு இவ்வளவு என்று பாடவாரியாக ஒரு பங்கு வருகிறது, பி.சி.ஜி. என்போம். ஆர்.பி.டி.க்கும் அதில் பங்கு உண்டு. கற்றல் கற்பித்தலுக்கான சாமான் அதிலிருந்துதான் வாங்க வேண்டும். அப்படியானால் ஏன் பெற்றோரிடம் கேட்கிறீர்கள் என்றால், என் நிலைமையைச் சொல்கிறேன். இரண்டாம் படிவத்தில் மட்டும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரோனிக், அக்குவாபோனிக், உணவு, ஃபேஷன் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆறு வகை வடிவமைப்பு. ஒரே டீச்சர் காலையில் சால்டரிங் அயர்ன் பிடித்து, மத்தியானம் மாவு பிசைய வேண்டும். முன்பு கெமாஹிரான் ஹிடுப்பில் பிள்ளை ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்துப் படித்தது, அந்தப் பிரிவுக்குச் சாமான் இருந்தால் போதும். 2017-இல் புதிய பாடத்திட்டம் வந்த பிறகு எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றையும் தொட வேண்டும். எனக்கு ஏழு வகுப்பு, வகுப்புக்கு முப்பத்தெட்டு நாற்பது பேர். மானியத்தில் சுத்தியல், பிளேடு, குளூ கன் என்று தங்குகிற சாமான் வாங்கவே சரியாகிவிடும், தீர்ந்துபோகிற சாமான் என்று பார்த்தால் நூலிலிருந்து ரெசிஸ்டர் வரை ஒவ்வொரு வருஷமும் புதிதாக வேண்டும். வாங்குவதும் கடைக்கு ஓடி வாங்குகிற வேலை இல்லை. விலைப்பட்டியல் கேட்டு, பாரம் நிரப்பி, ஆபீஸில் கையெழுத்தாகி வருவதற்குள் பாடமே அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். பல தடவை நானே என் காசில் வாங்கியிருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, முட்டாள்தனம் என்றுதான் என் கணவர் சொல்வார்.

38-க்கும் 22-க்கும் இடையில் டீச்சர் காசு பார்க்கிறார் என்று சட்டென்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கிட் விற்கிற ஆள் பள்ளிக்குக் கொண்டு வந்து கொடுப்பார், உடைந்தால் மாற்றித் தருவார், காசை மெதுவாக வாங்கிக்கொள்வார், அதெல்லாம் அந்த விலைக்குள் இருக்கிறது. அதற்காக அது நியாயமான விலை என்று சொல்ல மாட்டேன், எனக்கும் 38 அதிகம் என்றுதான் படுகிறது.

மார்க் விஷயம். 2022-இல் பி.டி.3 என்ற மூன்றாம் படிவத் தேர்வு ரத்தான பிறகு கீழ்ப்படிவங்களில் எங்கள் மதிப்பீடு பெரும்பாலும் வகுப்பறை மதிப்பீடுதான், தி.பி.1 முதல் தி.பி.6 வரை தேர்ச்சி நிலை, ஆறுதான் உச்சம். பிள்ளை பிரச்சினையைக் கண்டுபிடிக்கிறதா, வரைந்து காட்டுகிறதா, ஏன் இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தேன் என்று விளக்குகிறதா, செய்ததைச் சோதித்து மாற்றுகிறதா என்று பார்க்கிறோம். விலை உயர்ந்த சாமானுக்கு தி.பி.6 கிடையாது. போன வருஷம் ஒரு பையன் மைலோ டின்னும் பழைய சார்ஜர் ஒயரும் வைத்துச் செய்த மேசை விளக்குக்குத்தான் நான் ஆறு கொடுத்தேன். பக்கத்தில் லேசர் வெட்டிய பலகையோடு வந்த பிள்ளைக்கு நான்கு, காரணம் அதைச் செய்தது அவன் அப்பா. கேள்வி கேட்டால் பையன் அப்பா முகத்தை நினைத்துக்கொண்டு நிற்கிறான்.

காசு கட்டாத பிள்ளையின் பெயரை எழுதி வைப்பது தவறு. பட்டியல் எழுதுகிற டீச்சர் கெட்டவர் என்று அர்த்தமில்லை, யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று கணக்கு வைக்க ஆரம்பித்து அப்படி ஆகிவிடும். ஆனாலும் தவறு. காசு ஆபீஸ் வழியாகப் போய் ரசீது வர வேண்டும், டீச்சர் கைக்கு வரவே கூடாது. நான் இப்போது கையில் வாங்குவதே இல்லை.

ஆயர்ஈத்தாம்_கங்கோங்

அக்குவாபோனிக் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஓடி வந்தேன். அக்கா, அந்த 25 வெள்ளியோடு முடிந்துவிட்டதா உங்களுக்கு? எங்களுக்கு முடியவில்லை.

என் மகன் குழுவில் ஐந்து பேர். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சின்னப் பம்ப், களிமண் உருண்டை ஒரு பை, கங்கோங் கீரை விதை, ஆறு திலாப்பியாக் குஞ்சு. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வைத்துச் செட் பண்ணினார்கள், பிளாட்டின் பின்பக்கம் துணி காயப் போடுகிற இடத்தில். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு மீன் மல்லாந்து கிடக்கிறது. மறுபடி காசு, மறுபடி மீன், அதுவும் போயிற்று. மூன்றாவது தடவைதான் செல்லப்பிராணிக் கடைக்காரப் பையன், "ஆன்ட்டி, பைப் தண்ணியை அப்படியே ஊத்தினீங்களா?" என்று கேட்டான். குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின் மீன் செவுளைப் பாதித்துவிடும். அதற்கென்று ஒரு சொட்டு மருந்து இருக்கிறது, பேக்கெட்டில் எழுதியிருக்கிற அளவு போட்டால் போதும்.

அது மட்டும் இல்லை. மீன் கழிவில் அம்மோனியா வரும், அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற வேண்டும், இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்ற வேண்டும், அந்த நைட்ரேட்டைத்தான் கீரை சாப்பிடும். புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியா இருக்காது. அந்தக் களிமண் உருண்டை மேல் அது வளர்ந்து நிலைக்க மூன்று நான்கு வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை இரண்டே மீன், ஒரு சிட்டிகைத் தீனி. ஓடுகிற தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி உருண்டை எடுத்து வந்து போட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எங்களுக்குப் பத்து மீன் மிச்சம். பாவம், மகன் அழுதே விட்டான், திலாப்பியாவுக்குப் பெயர் எல்லாம் வைத்திருந்தான்.

கடைசியில் கங்கோங் நன்றாகத்தான் வந்தது. பள்ளிக்குக் கொண்டு போனார்கள், மார்க் போட்டார்கள், அப்புறம் தொட்டி பள்ளியிலேயே நின்றுவிட்டது. ஐந்து வீட்டுக் காசில் வாங்கிய பம்ப், கேட்டால் கண்காட்சிக்கு வைத்திருக்கிறோம் என்றார்கள். லீவு விட்டு வந்து பார்த்தால் தண்ணீர் வற்றி, பம்ப் கருகி, மீன் என்ன ஆயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. காசைவிட எனக்கு இதுதான் ஆத்திரம்.

ஜின்ஜாங்_மாமா

மீன் என்ன ஆயிற்று என்று தோட்டக்காரரைக் கேட்டுப் பாருங்கள் 😄

லெஸ்டர்_சித்தி

நான் பினாங்குப் பெண்தான், கல்யாணமாகி இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கேயும் சமையல் பாடத்துக்கு வீட்டிலிருந்து மாவு, வெண்ணெய், சீஸ் என்று கொண்டு போகச் சொல்லி முதல் நாள் இரவு பிள்ளை சொல்கிற கதை அப்படியே இருக்கிறது, அதில் மலேசியா இங்கிலாந்து வித்தியாசம் இல்லை. ஆனால் இங்கே 1996 கல்விச் சட்டத்தில் ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளி நேரத்தில் நடக்கிற பாடத்துக்குக் காசு வாங்கக் கூடாது. செய்த பொருளை வீட்டுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று பெற்றோர் முன்கூட்டியே சொன்னால் மட்டும் அதன் சாமானுக்குக் காசோ சாமானோ கேட்கலாம். மற்றபடி கேட்பதெல்லாம் விருப்ப நன்கொடை, கொடுக்காததற்காகப் பிள்ளையை ஒதுக்கி வைக்கக் கூடாது.

மேலே கங்கோங் அக்கா சொன்ன பம்ப் கதையைப் படித்ததும் இது ஞாபகம் வந்தது. காசு கொடுத்தால் பொருள் நம்முடையது, பொருள் பள்ளியுடையது என்றால் காசும் பள்ளியுடையது, நியாயம் அவ்வளவுதானே.

பட்டறை_டீச்சர்

நம் கல்விச் சட்டமும் 1996-தான், என்ன ஒற்றுமை பாருங்கள். அதற்குக் கீழே 1998-இல் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குத் தனி விதிமுறை வந்தது. சந்தா, நன்கொடை எல்லாம் அந்த வழியில்தான் பேச வேண்டும். சந்தா கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பதிவு செய்ய மாட்டோம், பாடப்புத்தகம் தர மாட்டோம் என்று சொல்லக் கூடாது என்று அமைச்சே பல முறை சொல்லியிருக்கிறது.

செந்தூல் சகோதரி, டீச்சரிடம் கேட்பதென்றால் "ஏன் வாங்குகிறீர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "இந்த வருஷம் முழுக்க இன்னும் என்னென்ன வரும், ஒரு பட்டியல் கிடைக்குமா, நான் மாதாமாதம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். வருஷத் திட்டம் எங்களிடம் ஜனவரியிலேயே இருக்கும், பட்டியல் போட முடியாது என்று யாராலும் சொல்ல முடியாது. மகள் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். நேரில் போங்கள், இல்லாவிட்டால் டீச்சருக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள். குரூப்பில் போட்டால் சண்டையாகிவிடும். அதிலும் சரிவரவில்லை என்றால் துணைத் தலைமையாசிரியர், சங்கச் செயலாளர், அதற்கும் மேலே கல்வி இலாகாவின் வட்டார அலுவலகம். உங்களுக்கு செந்தூலிலேயே இருக்கிறது. ஆனால் முதல் படியிலேயே முடிந்துவிடும் பாருங்கள்.

பெரியவனின் கோட்டு 35 வெள்ளி வீண் இல்லை, ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மின் அறிவியல் பாடங்களில் 2021-லிருந்து மூன்றாம் தாள் நேரடி அமாலி தேர்வு, ஐந்தாம் படிவம் வரை ஓடும். கொஞ்சம் பெரிய சைஸாக வாங்கியிருந்தால் சரி, பையன்கள் அந்த வயதில் ஒரே வருஷத்தில் வளர்ந்துவிடுவார்கள்.

கேட்டரிங்_அப்பா

இடையில் நுழைகிறேன். என் மகள் மேல்படிவத்தில் தொழில்திறன் பாடம் எடுத்தாள், கேட்டரிங். கோழி, முட்டை, க்ரீம், வாரா வாரம். நான் நாசி லெமாக் கடை வைத்திருப்பவன், அதனால் தப்பித்தேன், கடைச் சாமானிலேயே கொடுத்தனுப்பினேன். அவள் கூட்டாளி ஒருத்தியின் அப்பா ஜாகா (காவல்) வேலை, பாவம். நாங்கள் ஆறு பெற்றோர் சேர்ந்து டீச்சரிடம் பேசி, ஒரு வாரம் மூன்று பேர் சமைக்கட்டும் மூன்று பேர் பரிமாறட்டும், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளட்டும் என்று வைத்தோம். சாமான் பாதியாகக் குறைந்தது. டீச்சருக்கும் நிம்மதி, அடுப்பே நாலுதான் வேலை செய்கிறது.

செந்தூல்அம்மா

மன்னிக்கவும், பத்து நாளாகப் பக்கமே வரவில்லை. எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

டீச்சருக்குத் தனியாக மெசேஜ் போட்டேன், பட்டறை டீச்சர் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை அப்படியே மலாயில் மாற்றி. இரண்டு நாள் நீல டிக் விழுந்தும் பதில் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது, மகள் வேறு "ஏன்மா அனுப்பினீங்க" என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள். மூன்றாவது நாள் போனே வந்தது. சின்ன வயதுப் பெண், வேலைக்கு வந்து இரண்டாவது வருஷமாம். கிட் விற்கிறவர் ஆபீஸ் மூலம் வந்ததால் விலை சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம். பெயர் எழுதுகிறார்கள் என்பதற்கு, கிட் எத்தனை வாங்க வேண்டும் என்று எண்ணத்தான் எழுதினேன் என்றார். நம்புகிறேனா என்று கேட்காதீர்கள், பாதி நம்புகிறேன்.

பட்டியல் வந்துவிட்டது. வருஷம் முடிய இன்னும் இரண்டு வேலைதான் பாக்கி, மெக்கானிக்கல் பொம்மை ஒன்று, பொட்டல வடிவமைப்பு ஒன்று, இரண்டுக்கும் வீட்டில் கிடைக்கிற அட்டை, பாட்டில் போதும் என்று அவரே எழுதியிருக்கிறார். கிட்டை இரண்டு பிள்ளைக்கு ஒன்று என்று மாற்றிவிட்டார், எங்களுக்கு 19 வெள்ளி திரும்ப வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன், பாதிதான், மீதி சம்பளத்தில். ரசீது இன்னும் வரவில்லை, ஆபீஸில் புத்தகம் தீர்ந்துபோயிற்றாம்! சங்கக் கூட்டம் அடுத்த மாதம் இருக்கிறது, அங்கே அதைக் கேட்பேன். வகுப்பு குரூப்பில் ஓர் அம்மா, "சிலபேர் 19 வெள்ளிக்காக டீச்சர் மனசை நோகடிக்கிறாங்க" என்று யாருக்கோ சொல்வது மாதிரி போட்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகனின் லேசர் பலகையை யார் செய்தார்கள் என்று மட்டும் கேட்கலாமா என்று வாய் வரை வந்தது.

கங்கோங் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தொட்டியைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். எங்கள் குழுவின் ஐந்து மீனில் மூன்று இருக்கிறது. பம்ப் மட்டும் கர் கர் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறதாம். புதிது 18 வெள்ளி சொல்கிறார்கள், குழுவில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பாயான்லெப்பாஸ்_டெக்

பம்பை வாங்காதீர்கள் அக்கா. பின்பக்க மூடியைக் கழற்றினால் காந்தத்தோடு ஒரு சின்ன விசிறி வரும், அதில் பாசியும் மீன் தீனியும் சுற்றிக்கொண்டிருக்கும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டச் சொல்லுங்கள். பத்தில் எட்டு அதிலேயே ஓடிவிடும். கழற்றுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்க வேண்டும், அதை மறக்காமல் சொல்லுங்கள். அப்படியும் ஓடாவிட்டால் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, வருகிற சனிக்கிழமை கோலாலம்பூரில் ஒரு கல்யாணம், பத்து கேவ்ஸ் பக்கம்தான், எடுத்து வருகிறேன்.

செந்தூல்அம்மா

ஓடுகிறது தம்பி! மகள் வகுப்பிலேயே கழற்றி, அவளே தேய்த்து மாட்டியிருக்கிறாள், ஒரு பையனின் பல் பிரஷ்ஷை வாங்கி. யாருடைய பிரஷ், எதற்குப் பள்ளிக்குக் கொண்டு வந்தான் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். உங்கள் பம்பையும் எடுத்து வாருங்கள், கங்கோங் அக்கா மகன் பள்ளிக்குக் கொடுத்துவிடலாம்.

ஆயர்ஈத்தாம்_கங்கோங்

பள்ளிக்கு வேண்டாம். என் வீட்டுக்குக் கொடுங்கள்.